ஒட்டுவதெல்லாம் சிக்னல்: சி.ஆர்.பி. அளக்கும் தங்க மின்முனை செய்த பதிவு

உடலில் அழற்சி எங்கே தொடங்கினாலும் கல்லீரல் சி-ரியாக்டிவ் புரதத்தை, சுருக்கமாகச் சி.ஆர்.பி.யை, இரத்தத்தில் கொட்டத் தொடங்கிவிடும். 1930-இல் டில்லட், ஃபிரான்சிஸ் என்ற இருவர் நிமோனியா நோயாளிகளின் சீரத்தில் கண்டறிந்த புரதம் இது. மின்வேதி உணரி ஒன்றை அடிப்படையிலிருந்து என் கையாலேயே செய்து பார்க்க முடிவெடுத்தபோது, இதயத் தசைச் சேதத்தைக் காட்டும் ட்ரோபோனினையும் புற்றுநோய்க் குறிப்பான்களையும் ஒதுக்கிவிட்டு இதை எடுத்துக்கொண்டேன். காரணம் எளிது: இரத்தத்தில் இது தாராளமாகக் கிடைக்கிறது, மருத்துவ எல்லைகளும் தெளிவாக இருக்கின்றன. இதய நோய் அபாயக் கணிப்பில் லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குக் கீழே என்றால் குறைவு, 1 முதல் 3 வரை நடுத்தரம், 3-க்கு மேல் அதிகம். கடுமையான பாக்டீரியத் தொற்றில் 100-ஐயும் தாண்டும்.

ஆய்வுக் கட்டுரைகளில் இந்தப் புரதத்துக்கும் ஃபெம்டோகிராம் அளவிலான உணர்திறனைப் பெருமையாகப் போட்டுக்கொள்கிறார்கள். மருத்துவர் மில்லிகிராமில் கேட்கும் கேள்விக்கு ஃபெம்டோகிராமில் பதில் சொல்லி யாருக்கு என்ன பயன் என்று எனக்குப் புரிவதில்லை. சீரத்தை நூறு மடங்கு நீர்த்தால் லிட்டருக்கு 1 மில்லிகிராம் என்பது மில்லிலிட்டருக்கு 10 நானோகிராம் ஆகிறது. 5 முதல் 500 நானோகிராம் வரை நம்பும்படி அளந்தால் எனக்குப் போதும். நீர்ப்பதால் இன்னொரு நன்மையும் உண்டு. சீரத்தில் லிட்டருக்கு 35 முதல் 50 கிராம் வரை ஆல்புமின் இருக்கிறது. நாம் தேடும் புரதத்தைவிடப் பத்தாயிரம் மடங்குக்கும் மேல். அந்தக் கூட்டத்தை எவ்வளவு மெலிய வைக்கிறோமோ அவ்வளவு நல்லது.

வேலை செய்யும் விதம் இதுதான். தங்கப் பரப்பின் மேல் சி.ஆர்.பி.யைப் பிடிக்கும் ஆன்டிபாடியை ஒட்டவைக்கிறோம். கரைசலில் ஃபெரிசயனைடு, ஃபெரோசயனைடு என்ற இரும்புச் சேர்மங்களின் இணை இருக்கிறது. அது மின்முனையிடம் எலக்ட்ரானைக் கொடுத்து வாங்கிக்கொண்டிருக்கும். புரதம் வந்து உட்கார்ந்தால் அந்தக் கொடுக்கல் வாங்கல் தடைப்படுகிறது. தடை எவ்வளவு கூடியது என்பதை, மாறுமின்னோட்டத்துக்கு எழும் தடையை அளக்கும் இம்பிடன்ஸ் அளவீட்டில் படிக்கிறோம். தனியாக நொதியோ சாயமோ ஒட்ட வேண்டியதில்லை என்பது இதன் கவர்ச்சி. ஆனால் மின்முனைக்கு எது ஒட்டியது என்று தெரியாது. சி.ஆர்.பி. ஒட்டினாலும் ஆல்புமின் ஒட்டினாலும் தடை கூடும். இதன் தலைவலி முழுவதும் அதில்தான் இருக்கிறது.

சிட்டோசான் கலந்த முதல் வழி

அடித்தளமாக எடுத்துக்கொண்டது திரை அச்சில் செய்த கார்பன் மின்முனைப் பட்டை. நடுவில் 4 மில்லிமீட்டர் விட்டமுள்ள செயல் மின்முனை, அதைச் சுற்றி வளைந்த எதிர் மின்முனை, பக்கத்தில் வெள்ளி மையால் அச்சிட்ட ஒப்பீட்டு மின்முனை.

தங்க நானோதுகளுக்கு 1951-இல் டர்கெவிச் குழு தந்த சிட்ரேட் முறைதான். 1 மில்லிமோலார் குளோரோஆரிக் அமிலம் 50 மில்லிலிட்டரைக் கொதிக்கவிட்டு, வேகமாகக் கலக்கிக்கொண்டே 38.8 மில்லிமோலார் டிரைசோடியம் சிட்ரேட் 5 மில்லிலிட்டரை ஒரே வீச்சில் ஊற்ற வேண்டும். வெளிர் மஞ்சள் முதலில் நிறமிழக்கும். பிறகு சாம்பலும் கருநீலமும் கலந்த ஒரு மங்கல் பரவும். எல்லாம் கெட்டுவிட்டது என்று தோன்றும் அந்தக் கட்டத்தில் கையை வைக்காமல் நின்றால், ஊதா வழியாக ஆழ்ந்த சிவப்புக்கு வந்து நிற்கும். கிடைப்பவை ஏறத்தாழ 13 நானோமீட்டர் துகள்கள். ஒளி உறிஞ்சல் முகடு 520 நானோமீட்டரை ஒட்டி வரும். குடுவையை நைட்ரிக், ஹைட்ரோகுளோரிக் அமிலங்கள் கலந்த ராஜ திராவகத்தால் கழுவி, பிறகு நன்றாக நீரில் அலசியிருக்க வேண்டும். திராவகம் கலக்கும் வேலையைக் காற்று உறிஞ்சும் பெட்டிக்குள்தான் செய்ய வேண்டும். தங்க உப்பை உலோகக் கரண்டியால் அள்ளக் கூடாது. அது கரண்டியை அரிக்கும், ஈரத்தையும் உறிஞ்சும்.

இந்தச் சிவப்புக் கரைசலை மின்முனையில் நிறுத்த, 1 சதவீத அசிட்டிக் அமிலத்தில் கரைத்த சிட்டோசான் என்ற நீள்சங்கிலிப் பொருளைச் சேர்த்தேன். இங்கே விகிதம் முக்கியம். சிட்ரேட் துகள் எதிர்மின் உடையது, சிட்டோசான் நேர்மின் உடையது. சிட்டோசான் குறைவாக இருந்தால் ஒரே சங்கிலி பல துகள்களைச் சேர்த்துக் கட்டிவிடும், கரைசல் நீலமாகித் திரியும். தாராளமாக இருந்தால் ஒவ்வொரு துகளையும் தனித்தனியே போர்த்திவிடும், சிவப்பு நிலைக்கும்.

ஒரு சொட்டை மின்முனையில் விட்டு உலரவைத்து, மின்னழுத்தத்தை ஏற்றி இறக்கி மின்னோட்டத்தைப் பார்க்கும் சுழற்சி வோல்ட் அளவீடு எடுத்ததில் மின்னோட்ட முகடு நன்றாக உயர்ந்தது. கட்டுரையாக இருந்தால் இந்த இடத்தில் தங்க நானோதுகள்கள் மின்முனையின் பரப்பைப் பெருக்கின என்று ஒரு வரி எழுதி அடுத்த படத்துக்குப் போயிருப்பார்கள். தங்கமே இல்லாத வெறும் சிட்டோசானைப் பூசிய மின்முனையையும் கூடவே அளந்திருந்தேன். அதிலும் முகடு ஏறக்குறைய அதே அளவுக்கு உயர்ந்திருந்தது. நேர்மின் ஏறிய சிட்டோசான் படலம், எதிர்மின் உள்ள ஃபெரிசயனைடை இழுத்துத் தன்னிடம் சேர்த்துக்கொள்கிறது. உயர்வின் பெரும்பங்கு அங்கிருந்து வருகிறது. உறுதிசெய்துகொள்ள, நேர்மின் உள்ள ஹெக்ஸாஅமைன் ருதேனியம் கரைசலில் இரண்டையும் மறுபடி அளந்தேன். உயர்வு காணாமல் போனது. எதிரெதிர் மின்னேற்றமுள்ள இரண்டு ஆய்வுப்பொருள்களில் அளக்காத எந்த மின்னோட்ட உயர்வையும் நான் இப்போது ஏற்றுக்கொள்வதில்லை.

இதைத் தவிர, உலர்ந்த சொட்டின் விளிம்பில் துகள்கள் போய்க் குவிந்து கருஞ்சிவப்பு வளையம் கட்டின. நடுவில் மெல்லிய படலமே மிஞ்சியது. அளவீட்டுக்குப் பின் அலசும்போது அந்த விளிம்பு செதில் செதிலாகப் பெயர்ந்து வந்தது. பட்டைக்குப் பட்டை ஒரே மாதிரி வர வேண்டும் என்றால் இது சரிப்படாது.

மின்படிவு

இரண்டாவது வழியில் தங்கத்தை நேரடியாகக் கார்பன் மேலேயே வளர்த்தேன். முதலில், செறிவூட்டிய சோடியம் கார்பனேட் கரைசலில் 1.2 வோல்ட் கொடுத்து, அச்சு மையின் பிசினால் மூடியிருக்கும் கார்பன் பரப்பை விழிக்கச் செய்ய வேண்டும். இதைச் செய்த பட்டைகளுக்கும் செய்யாதவற்றுக்கும் உள்ள வேறுபாடு வெளிப்படையானது: ஃபெரிசயனைடின் இரு முகடுகளுக்கிடையே உள்ள இடைவெளி பாதிக்கும் கீழே சுருங்கியது.

பிறகு 0.5 மோலார் கந்தக அமிலத்தில் 1 மில்லிமோலார் குளோரோஆரிக் அமிலம், மைனஸ் 0.2 வோல்ட், ஒரு நிமிடம். பட்டையின் சொந்த வெள்ளி மின்முனையை இங்கே ஒப்பீட்டுக்குப் பயன்படுத்த முடியாது. தங்க உப்பு வெள்ளியைக் கண்டால் விடாது. வெள்ளி கரைந்து போக அதன் இடத்தில் தங்கம் படியும். ஆகவே செயல் மின்முனை மட்டும் நனையும்படி மறைத்து, வெளியிலிருந்து ஒரு வெள்ளி, வெள்ளிக் குளோரைடு ஒப்பீட்டு மின்முனையையும் பிளாட்டினக் கம்பியையும் வைத்தேன். கருப்புக் கார்பன் மேல் மங்கலான மஞ்சள் பழுப்பு ஏறியது. கண்ணுக்குத் தங்கம் போலவே இராது. நானோ அளவில் முண்டும் முடிச்சுமாக வளரும் தங்கம் ஒளியைச் சிதறடிப்பதால் மங்கித்தான் தெரியும்.

படிந்தது எவ்வளவு என்பதைத் தங்கம் இல்லாத 0.5 மோலார் கந்தக அமிலத்தில் பார்க்கலாம். மேலே போகும்போது தங்கத்தின் மேல் ஆக்சைடு உருவாகும். திரும்பி வரும்போது ஏறத்தாழ 0.9 வோல்ட்டில் அது குறைந்து ஒரு கூரிய முகடு கொடுக்கும். அந்த முகட்டின் கீழுள்ள மின்னூட்டத்தை, சதுர சென்டிமீட்டருக்கு 390 மைக்ரோகூலம் என்ற மதிப்பால் வகுத்தால் உண்மையான தங்கப் பரப்பு கிடைக்கும்.

பலர் இதைச் செய்யாமல், ஃபெரிசயனைடு முகட்டை, முகட்டின் உயரத்தையும் மின்முனைப் பரப்பையும் இணைக்கும் ராண்டில்ஸ், ஷெவ்சிக் சமன்பாட்டில் போட்டுப் பரப்பைக் கணக்கிட்டுவிடுகிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 4 மில்லிமீட்டர் வட்டம், 5 மில்லிமோலார் ஃபெரிசயனைடு, நொடிக்கு 50 மில்லிவோல்ட் வேகம், பரவல் மாறிலி 7.6 பெருக்கல் பத்தின் அடுக்கு மைனஸ் 6. விடை ஏறத்தாழ 104 மைக்ரோஆம்பியர். மேடுபள்ளம் இல்லாத தட்டையான வட்டத்துக்கே இது கிடைக்க வேண்டும். இந்த வேகத்தில் பரவல் அடுக்கு பல பத்து மைக்ரான் தடிமன் இருக்கும். அதன் கண்ணுக்கு நூறு நானோமீட்டர் முடிச்சுகள் ஒரு பொருட்டே அல்ல, சமதளமாகவே தெரியும். எனவே நானோதங்கம் போட்டதும் முகடு உயர்கிறது என்றால், பெரும்பாலும் எலக்ட்ரான் மாற்றம் விரைவாகி, முன்பு எட்டாத அந்த 104-ஐ நோக்கி நகர்கிறது என்றுதான் பொருள். என் பட்டைகளிலும் அதுவே நடந்தது. நானோ வடிவம் பயனற்றது என்று சொல்லவில்லை. ஆன்டிபாடி உட்கார இடம் கூடுகிறது, அதற்கு அது வேண்டும். ஆனால் அந்தப் பயனை முகட்டின் உயரத்தில் தேடக் கூடாது.

வெள்ளி மின்முனைக்கும் ஒரு சிகிச்சை தேவைப்பட்டது. வெறும் வெள்ளி மை குளோரைடு கரைசலில் நிலையாக நிற்காது. ஃபெரிக் குளோரைடு கரைசலில் ஒரு சிறு சொட்டை வெள்ளியின் மேல் மட்டும் ஒரு நிமிடம் விட்டால் வெள்ளிக் குளோரைடு படலம் உருவாகும். பளபளப்பு போய்ச் சாம்பல் பழுப்பாகும். இதற்குப் பிறகும் அலைச்சல் தெரிகிறதா என்று பார்க்க ஒரு குறுக்குவழி உண்டு. இரு முகடுகளும் சேர்ந்தே ஒரு பக்கம் நகர்ந்தால் கோளாறு ஒப்பீட்டு மின்முனையில். ஒன்றைவிட்டு ஒன்று விலகினால் கோளாறு செயல் மின்முனையின் பரப்பில்.

ஆன்டிபாடி ஏற்றுதல்

தங்கத்தின் மேல் முதல் அடுக்கு 3-மெர்காப்டோபுரோபியோனிக் அமிலம். அதன் கந்தக முனை தங்கத்தைப் பிடித்துக்கொள்ள, கார்பாக்சில் முனை வெளியே நிற்கும். நீளமான சங்கிலியுள்ள 11-மெர்காப்டோஅண்டெகனாயிக் அமிலம் இன்னும் ஒழுங்கான அடுக்கு கட்டும். ஆனால் அதற்கு எத்தனால் வேண்டும், பட்டையின் காப்பு மை எத்தனாலில் நெடுநேரம் ஊறுவதை நான் விரும்பவில்லை. புரோபியோனிக் அமில வகை நீரிலேயே கரைகிறது. நாற்றம் மட்டும் சகிக்க முடியாதது. கையுறையைக் கழற்றிய பிறகும் மூக்கை விட்டுப் போகாது.

அடுத்தது கார்பாக்சில் முனையை, ஆன்டிபாடியின் அமீனோடு இணையத் தயார்ப்படுத்தும் இ.டி.சி., என்.எச்.எஸ். என்ற வேதிப்பொருள்களின் கலவையால் தூண்டுவது. பி.எச். 6 உள்ள எம்.இ.எஸ். பஃபரில் (அமிலத்தன்மையை நிலையாக வைக்கும் கரைசலில்), பயன்படுத்துவதற்குச் சற்று முன்புதான் கரைக்க வேண்டும். இ.டி.சி. நீரில் வேகமாகச் சிதைந்துவிடும். உறைநிலைப் பெட்டியிலிருந்து எடுத்த குப்பி அறை வெப்பத்துக்கு வரும்வரை திறக்காமல் வைத்திருப்பது நல்லது; குளிர்ந்த குப்பியைத் திறந்தால் காற்றின் ஈரம் உள்ளே படிந்து, அடுத்த முறை எடுக்கும்போது பாதி செத்திருக்கும்.

தூண்டல் நடந்ததா என்பதை இம்பிடன்ஸே சொல்லிவிடுகிறது, இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. கார்பாக்சில் முனைகள் எதிர்மின் உடையவை, ஃபெரிசயனைடை விரட்டும். அதனால் மெர்காப்டோ அமிலம் ஏறியதும் இம்பிடன்ஸை வரையும் நைக்விஸ்ட் படத்தில், எலக்ட்ரான் மாற்றத் தடையைக் காட்டும் அரைவட்டம் பெரிதாகிறது. தூண்டிய பிறகு அந்த மின்னேற்றம் மறைந்துவிடுவதால் அரைவட்டம் சட்டென்று சுருங்குகிறது. ஒரு பொருளைச் சேர்த்த பிறகு தடை குறைவது முதலில் குழப்பும். காரணம் தெரிந்துவிட்டால் அது நல்ல சகுனம். சுருங்காத பட்டைகளில் ஆன்டிபாடியை வீணாக்காமல் ஒதுக்கிவிட்டேன்.

ஆன்டிபாடி வாங்கும்போது குப்பியின் விவரத்தாளில் பஃபர் என்ன என்று பார்த்துவிட வேண்டும். டிரிஸ் பஃபரிலோ கிளைசினிலோ இருந்தால் அவற்றின் அமீன் தொகுதிகள் ஆன்டிபாடிக்கு முன்னரே போய் இடம் பிடித்துக்கொள்ளும். நிலைப்படுத்தப் பி.எஸ்.ஏ. (மாட்டுச் சீர ஆல்புமின்) சேர்த்த ஆன்டிபாடி என்றால் இன்னும் மோசம். மின்முனையில் ஏறுவது பெரும்பாலும் மாட்டு ஆல்புமினாகத்தான் இருக்கும். பி.எஸ்.ஏ. இல்லாத வகையைத் தேர்ந்து, சிறிய உப்பு நீக்கும் குழாய் வழியாகப் பாஸ்பேட் பஃபருக்கு மாற்றி, மில்லிலிட்டருக்கு 50 மைக்ரோகிராம் செறிவில் ஒவ்வொரு மின்முனைக்கும் 8 மைக்ரோலிட்டர் விட்டேன். ஈரத் தாள் விரித்த மூடிய பெட்ரி தட்டுக்குள் 4 டிகிரி செல்சியஸில் இரவு முழுவதும். சொட்டு ஓரத்தில் சற்று உலர்ந்தாலும் அந்த இடத்தில் புரதம் உருக்குலைந்து போகும். ஈரத் தாள் இல்லாமல் இதைச் செய்யவே கூடாது.

மிஞ்சிய தூண்டல் முனைகளை எத்தனாலமீனால் மூடி, 1 சதவீதப் பி.எஸ்.ஏ.யால் காலி இடங்களை நிரப்பி, 0.05 சதவீத ட்வீன் 20 என்ற சோப்புப் போன்ற பொருள் கலந்த பஃபரில் அலசினால் உணரி தயார்.

வெற்று மின்முனைகள்

அளவீடு: ஃபெரிசயனைடும் ஃபெரோசயனைடும் சம அளவில் 2 மில்லிமோலார், 0.1 மோலார் பொட்டாசியம் குளோரைடு, 10 மில்லிவோல்ட் வீச்சு, 100 கிலோஹெர்ட்ஸிலிருந்து 0.1 ஹெர்ட்ஸ் வரை. மின்னழுத்தத்தைக் கட்டுப்படுத்தி அளக்கும் பொட்டென்ஷியோஸ்டாட்டின் முனைகளையும் பட்டையையும் ஓர் உலோகப் பெட்டிக்குள் வைத்து, பெட்டியைக் கருவியின் தரை முனையோடு இணைத்த பிறகே மின்வழங்கல் இரைச்சல் அடங்கியது. அரைவட்டம் சற்றுக் கீழே அமுங்கியிருந்ததால், மின்முனைக்கு ஒப்பாக 1947-இல் ராண்டில்ஸ் தந்த மின்சுற்றில் மின்தேக்கிக்குப் பதிலாக, சீரற்ற மின்தேக்கிபோல் நடக்கும் மாறாக் கட்டக் கூறு ஒன்றை வைத்துப் பொருத்தினேன். கரடான பரப்புக்கு அதுதான் ஒத்துவரும்.

கிடைத்த மதிப்பை அப்படியே ஒப்பிடுவதில் பயனில்லை. பட்டைக்குப் பட்டை அடிமட்டத் தடையே கணிசமாக வேறுபடுகிறது. எனவே ஒவ்வொரு பட்டையிலும் சி.ஆர்.பி.க்கு முன்னும் பின்னும் அளந்து, கூடுதலை அதே பட்டையின் முந்தைய மதிப்பால் வகுத்துக்கொண்டேன்.

இனி வெற்று அளவீடுகளுக்கு வருகிறேன். செய்த பட்டைகளில் பாதிக்கும் மேல் இவற்றுக்கே போயின, அது குறித்து எனக்கு வருத்தமில்லை. ஒரு தொகுதி, சி.ஆர்.பி. இல்லாத பஃபரை மட்டும் கண்டது. இன்னொரு தொகுதியில், சி.ஆர்.பி.யோடு சம்பந்தமே இல்லாத அதே வகை ஆன்டிபாடியை ஏற்றி, அதன் மேல் சி.ஆர்.பி. விட்டேன். மூன்றாவது தொகுதியில் சரியான ஆன்டிபாடி, ஆனால் சி.ஆர்.பி.க்குப் பதிலாக மனித ஆல்புமின்.

பஃபரை மட்டும் கண்ட பட்டைகளிலேயே தடை நகர்ந்தது. மீண்டும் மீண்டும் அளக்க அளக்க மெல்ல இறங்கிக்கொண்டே போனது. ஃபெரிசயனைடு கரைசல் வெளிச்சத்தில் சிதைந்து சிறிதளவு சயனைடை விடுவிக்கும். சயனைடு தங்கத்தைக் கரைக்கக் கூடியது. தங்கம் போகப்போக அதன் மேல் நின்ற அடுக்கும் தளர்கிறது. கரைசலைப் பழுப்புக் குப்பியில் வைத்து, அன்றன்றைக்குக் கலக்கி, செறிவைக் குறைத்து, அளந்தவுடன் அலசிவிட்டபோது சரிவு வெகுவாகக் குறைந்தது. முற்றிலும் நிற்கவில்லை. எனவே ஒவ்வொரு முறையும் ஒரு வெற்றுப் பட்டையைக் கூடவே அதே படிகளில் நடத்தி, அதன் நகர்வைக் கழித்துக்கொண்டேன்.

இந்தக் கரைசலின் கழிவை அமிலக் கழிவோடு சேர்த்து ஊற்றக் கூடாது. வலிய அமிலத்தில் ஹைட்ரஜன் சயனைடு வெளிவர வாய்ப்பிருக்கிறது. என் மேசையில் கந்தக அமிலமும் இருந்ததால் இரண்டு கழிவுக் குப்பிகளையும் மேசையின் எதிரெதிர் மூலைகளில் வைத்திருந்தேன்.

கண்டறியும் எல்லையைக் கணக்கிடுவதில் ஒரு தந்திரம் புழக்கத்தில் இருக்கிறது. வெற்று அளவீட்டின் திட்ட விலக்கத்தை மூன்றால் பெருக்கி, செறிவுக்கு எதிராகச் சிக்னலை வரைந்த கோட்டின் சாய்வால் வகுக்க வேண்டும் என்பது விதி. அந்த வெற்று அளவீட்டை ஒரே பட்டையில் திரும்பத் திரும்ப எடுத்தால் விலக்கம் மிகச் சிறியதாக வரும். எல்லையும் அழகாகத் தெரியும். வெவ்வேறு பட்டைகளில் எடுத்தால் எண் பலமடங்கு பெருத்துவிடுகிறது. ஒரு பட்டையை ஒரு முறைதான் பயன்படுத்தப்போகிறோம் என்றால் இரண்டாவதுதான் நேர்மையான எண். என் பட்டைகளில் அது மில்லிலிட்டருக்கு 10 நானோகிராமை ஒட்டி நின்றது. அதாவது நூறு மடங்கு நீர்த்த சீரத்தில் 1 மில்லிகிராம் எல்லையின் வாசலில்.

சீரத்தில்

நேரடியாக யாருடைய இரத்தத்தையும் எடுக்கவில்லை. சி.ஆர்.பி. அளவு குறிக்கப்பட்ட கட்டுப்பாட்டுச் சீரத்தை வாங்கி, தொற்றுள்ளதாகவே எண்ணி, கையுறையோடும் கண்ணாடியோடும் கையாண்டேன்.

பஃபரில் கிடைத்த நேர்கோடு சீரத்தில் மேலே தூக்கப்பட்டிருந்தது. சாய்வு அதிகம் மாறவில்லை, தொடக்கம்தான் உயர்ந்திருந்தது. சம்பந்தமில்லாத ஆன்டிபாடி ஏற்றிய பட்டைகளும் ஏறக்குறைய அதே அளவுக்குத் தூக்கியிருந்தன. அப்படியானால் இது சி.ஆர்.பி. அல்ல, ஒட்டக் கூடாதது ஒட்டியது. நீர்க்கும் பஃபரிலேயே பி.எஸ்.ஏ.யும் ட்வீனும் சேர்த்துக்கொண்டபோது அது பாதியளவுக்கு இறங்கியது. பி.எஸ்.ஏ.க்குப் பதில் பால் புரதமான கேசீன் வைத்துப் பார்த்ததில் இன்னும் கொஞ்சம் இறங்கியது. ஆனால் கேசீன் படலத்தில் அடிமட்டத் தடையே உயர்ந்து, சாய்வு மழுங்கிவிட்டது. பி.எஸ்.ஏ.யிலேயே நின்றுவிட்டேன்.

இப்போதைய நிலையில் லிட்டருக்கு 1 மில்லிகிராமையும் 10-ஐயும் இந்த உணரி தயக்கமின்றிப் பிரித்துச் சொல்கிறது. 1-க்கும் 3-க்கும் நடுவே ஒற்றைப் பட்டையின் சொல்லை நம்ப முடியாது. இரண்டு மூன்றின் சராசரி வேண்டும். தொற்று இருக்கிறதா என்று பார்க்க இது போதும், இதய அபாயத்தைக் கணிக்கப் போதாது.

அடுத்து ஒரே பட்டையில் இரண்டு செயல் மின்முனைகள் உள்ள வகையை எடுத்துக்கொள்ளப் போகிறேன். ஒன்றில் சி.ஆர்.பி. ஆன்டிபாடி, மற்றதில் சம்பந்தமில்லாதது. இரண்டும் ஒரே சொட்டுச் சீரத்தை, ஒரே நேரத்தில், ஒரே ஒப்பீட்டு மின்முனையோடு காணும். கழிக்க வேண்டிய வெற்று அளவீடு வேறொரு பட்டையிலிருந்து வராமல் பக்கத்திலிருந்தே வந்தால் 1-க்கும் 3-க்கும் இடையிலான தகராறு தீருமா என்று பார்க்க வேண்டும். தங்கப் படிவின்போது இரண்டு வட்டங்களிலும் ஒரே அளவு மின்னூட்டம் போகும்படி தனித்தனியே நிறுத்துவதுதான் அதில் முதல் வேலை.